குத்தவச்சு எழுந்திரிக்க

தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் ஸ்குவாட் புதுசு இல்லை. பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு போட்டிருப்போம். வீட்டுப்பாடம் எழுதாததற்கு வகுப்புக்கு வெளியே ஐம்பது போட்டிருப்போம். ஒன்று பக்தி, இன்னொன்று தண்டனை, உடம்புக்கு இரண்டும் ஒரே வேலைதான். இடுப்பை மடக்கு, முழங்காலை மடக்கு, கீழே போ, மேலே வா. பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் இதற்குப் பஸ்கி என்று பேர். தண்டால், பஸ்கி இரண்டும் இல்லாமல் பயில்வான் கிடையாது. காமா பயில்வான் தினம் ஐயாயிரம் பஸ்கி போடுவார் என்று சொல்வார்கள். எண்ணியவர் யார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

எங்கள் பக்கம் இதற்கு இன்னும் எளிய சொல் ஒன்று உண்டு. குத்தவைக்கிறது. பாதம் முழுக்கத் தரையில் பதிய, பிட்டம் தரையைத் தொடாமல், முழங்காலுக்கு மேல் கையைப் போட்டுக்கொண்டு உட்காருவது. பஸ் வருகிற வரைக்கும் குத்தவச்சிருப்பார்கள். வரப்பில், கிணற்று மேட்டில், கல்யாண வீட்டுச் சமையல்கட்டில், துஷ்டி வீட்டு வாசலில் குத்தவச்சிருப்பார்கள். பெண் பிள்ளை வயசுக்கு வந்தாலும் ‘குத்தவச்சுட்டா’ என்பார்கள். ஒரு ஊர் முழுக்க இப்படித்தான் ஓய்வெடுத்தது. இதை ஒரு பயிற்சி என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

சென்னையில் பத்து வருஷம் ஐ.டி. வேலை பார்த்துவிட்டு, ஊரடங்கில் லேப்டாப்போடு ராஜபாளையம் வந்து சேர்ந்தபோதுதான் என்னால் குத்தவைக்க முடியவில்லை என்பது தெரிந்தது. தோட்டத்தில் தேங்காய் பொறுக்கிப் போட்டவர்கள் எல்லாரும் டீ வந்ததும் அப்படியே உட்கார்ந்தார்கள். நான் உட்கார்ந்ததும் குதிகால் இரண்டும் எழும்பிக்கொண்டன. குதிகாலைத் தரையில் அழுத்தினால் பின்னால் சாய்ந்தேன். எனக்கு அப்போது 30 வயது. பக்கத்தில் இருந்த பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, “நாற்காலி கொண்டாரச் சொல்லட்டுமாய்யா?” என்றார். கேலி இல்லை. மெய்யாகவே கேட்டார். அதனால்தான் அது இன்னும் நினைவில் இருக்கிறது.

2021 கடைசியில் ஜிம்மில் சேர்ந்தேன். கண்ணாடிச் சுவரும் நீல விளக்கும் உள்ள இடம் இல்லை. தகரக் கூரை, இரண்டு ராக், துருப்பிடித்த பிளேட்டுகள். நடத்துகிறவர் அறுபதைத் தாண்டிய ஒரு மாஸ்டர். வாலிபத்தில் நூற்பாலையில் வேலை பார்த்துக்கொண்டே பளு தூக்கியவர். போன முதல் நாளே பாரைத் தூக்கித் தோளில் வைக்கப் போனேன்.

“தம்பி, அதை வை. முதல்ல உக்காரப் படி.”

மூன்று வாரம் உட்காரத்தான் படித்தேன். ராக்கின் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முடிந்த ஆழம் வரை இறங்கி, அங்கேயே ஒரு நிமிஷம் இருக்க வேண்டும். கணுக்கால் முன்னால் மடங்கப் பழகும்வரை குதிகாலுக்கு அடியில் ஒரு சின்ன பலகை. பிறகு பலகையை எடுத்துவிட்டார். பிறகு கம்பத்திலிருந்து கையை எடுக்கச் சொன்னார். நான்காவது வாரம் 20 கிலோ பாரைத் தோளில் வைத்தார். பிளேட் எதுவும் இல்லை. பக்கத்தில் கல்லூரிப் பையன்கள் நூறு கிலோ ஏற்றிக்கொண்டு நான்கு அங்குலம் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அவர்களைப் பார்த்து, “அது கும்பிடு போடுறது. ஸ்குவாட் இல்ல” என்றார். பவர்லிஃப்டிங் போட்டி விதியும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. தொடை இடுப்போடு சேருகிற மடிப்பு, முழங்காலின் உச்சியைவிடத் தாழ்ந்தால்தான் அது கணக்கில் வரும்.

அதற்கு அப்புறம் நடந்தது ஒரு மாயம் போலத்தான் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் இரண்டரை கிலோ கூடுதல். 20, 22.5, 25. எல்லாவற்றையும் ஒரு எக்செல் தாளில் எழுதி வைத்தேன். எழுதி வைக்காவிட்டால் எனக்கு எதுவும் நடந்ததாகவே தோன்றாது, தொழில் வியாதி. கோட்டை நீட்டிப் பார்த்தேன். வாரத்துக்கு ஏழரை கிலோ என்றால் வருஷத்துக்கு 390. இரண்டு வருஷம் முடிந்தால் 800 கிலோ, ஒரு ஆல்டோ காரைவிடக் கொஞ்சம் கனம். கோடு எங்கேயாவது வளைந்துதான் ஆக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. எனக்கு ஐந்தாவது மாதம் வளைந்தது.

முதல் சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் தசை வளர்வதால் அல்ல. இருக்கிற தசையை எப்படி ஒரே நேரத்தில் வேலைக்குக் கூப்பிடுவது என்று நரம்புகள் கற்றுக்கொள்கின்றன, அவ்வளவுதான். தசை மெதுவாக, மாதக் கணக்கில் வளரும். தசையை எலும்போடு கட்டுகிற தசைநாண்கள் அதைவிட மெதுவாகத் தடிக்கும். மூன்றும் மூன்று வேகத்தில் ஓடுகின்றன. புதுசாகச் சேர்ந்தவர்களில் பலபேர் மூன்றாவது, நான்காவது மாதத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு காணாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தொடை தயாராகிவிடுகிறது, முட்டிக்குக் கீழே இருக்கிற நாண் தயாராகவில்லை. இருபத்தி இரண்டு வயசுப் பையனிடம் இதைச் சொன்னால் யூடியூப்பைக் காட்டுவான்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்கிற யோசனை பழசு. கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கி நடந்து, அது காளையானபோதும் தூக்கினான் என்று கிரேக்க மல்லன் மைலோவைப் பற்றி ஒரு கதை உண்டு. ஆனால் அதை அளந்து, எழுதி, மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் தாமஸ் டிலார்ம் என்கிற அமெரிக்க ராணுவ டாக்டர். இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம். முழங்காலும் தொடையும் சிதைந்த சிப்பாய்களால் ஆஸ்பத்திரி வார்டுகள் நிறைந்து கிடந்தன. லேசான எடையைப் பல தடவை ஆட்டு என்பதுதான் அதுவரைக்கும் வழக்கம். அவர் அதைத் திருப்பிப் போட்டார். கனமான எடை, குறைந்த தடவை, வாரா வாரம் கொஞ்சம் கூடுதல். 1945-ல் கட்டுரையாக எழுதினார். இன்றைக்கு ஜிம்மில் நாம் சொல்கிற செட், ரெப் எல்லாவற்றிலும் அவர் கைரேகை இருக்கிறது. கட்டுமஸ்தானவர்களுக்காக இல்லாமல், எழுந்து நிற்க முடியாதவர்களுக்காக அது எழுதப்பட்டது என்பதை நான் வெகு நாள் கழித்துத்தான் படித்தேன். அதற்கு வருகிறேன்.

நம்முடைய கதை இளவட்டக்கல். தென் மாவட்டங்களில் கோவில் பக்கத்திலோ மந்தையிலோ பாதி மண்ணுக்குள் புதைந்த உருண்டைக் கல்லாகக் கிடக்கும். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்குப் போட்டி நடக்கிறது. அங்கே சின்னக் கல் நாற்பது கிலோ சொச்சம், பெரியது நூற்றி இருபதுக்கு மேல். தூக்குகிற முறையைக் கவனித்துப் பார்த்தால் அது சுத்தமான ஸ்குவாட். கல்லைச் சுற்றிக் குத்தவைத்து, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, மடிக்கு ஏற்றி, மடியிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட வேண்டும். வழவழப்பான கல், பிடிமானம் கிடையாது. இதைத் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள் என்ற கதையை எல்லா ஊரிலும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது கல்யாணக் கதை அல்ல, பல எடைகளில் கற்கள் இருந்தன என்பதுதான். விடலைகளுக்குச் சின்னக் கல், வாலிபர்களுக்குப் பெரிய கல். ஊரே பிளேட் செட் வாங்கி வைத்தது மாதிரி. கதையில் தூக்கினவன் பேர் மட்டும் நிற்கிறது. சின்னக் கல்லோடு நாலு பொங்கல் மல்லுக்கட்டியவனைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஐந்தாவது மாதம் கோடு வளைந்ததும் நான் சாப்பாட்டுக் கணக்கை எடுத்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சாதாரண மனிதனுக்குச் சொல்கிற புரதம், உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். எடைப் பயிற்சி செய்கிறவர்களைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் 2018-ல் சேர்த்துப் பார்த்தவர்கள், 1.6 கிராமுக்கு மேல் போனால் தசைக்குப் பெரிய லாபம் இல்லை என்றார்கள். நான் 72 கிலோ. கணக்குக்கு 115 கிராம் வருகிறது. என் ஒரு நாள் சாப்பாடு: காலையில் நாலு இட்லி, சாம்பார். மத்தியானம் சோறு, குழம்பு, பொரியல், மோர். சாயங்காலம் டீயும் ஒரு உளுந்த வடையும். ராத்திரி தோசை. மொத்தம் நாற்பதைத் தாண்டினால் அதிகம். வயிறு நிறைந்துதான் இருந்தது. மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டு, தேவைக்குப் பாதிகூட எட்டாமல் இருக்க முடியும் என்பதைத் தமிழ்நாட்டுச் சாப்பாடு போல வேறு எதுவும் நிரூபிக்காது.

பவுடர் டப்பா வாங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விலையைப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் கேட்டேன். “கடலைக்காரன் செத்தா போயிட்டான்?” என்றார். அப்படியே கட்டிக்கொண்டேன். முட்டை மூன்றில் 18 கிராம். பால் அரை லிட்டரில் 16. பொரிகடலை ஒரு கை அள்ளி, 50 கிராம் என்றால் 10. கோழிக்கறி 150 கிராமில் முப்பத்தைந்து பக்கம். இதோடு வழக்கமான நாற்பது. கணக்கு நேராகிறது. செவ்வாய், வெள்ளி, சனி வீட்டில் கவிச்சி கிடையாது. அந்த நாட்களில் மீல்மேக்கர், கொண்டைக்கடலைச் சுண்டல், கூடுதலாகத் தயிர். ஒரு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன், “மாஸ்டர், பால்கோவா புரோட்டீன்தானே? அம்புட்டும் பாலுதான?” என்று கேட்டான். “பால் சரி. சீனிக்கு உங்க அப்பாவா கணக்கெழுதுவாரு?” என்றார். ஆனாலும் தீபாவளிக்கு அவருக்கு அந்தப் பையன் கொண்டுவந்த ஒரு கிலோ டப்பாவை வேண்டாம் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

அடுத்தது தூக்கம். எக்செல் தாளில் தூங்கிய மணி நேரத்துக்கு ஒரு கட்டம் போட்டிருந்தேன். எங்கள் டீமுக்கு அமெரிக்கக் கிளையன்ட். மாதத்தில் ஒரு வாரம் ராத்திரி முழுக்க யாராவது ஒருத்தர் முழித்திருக்க வேண்டும். அந்த வாரத்தில் போன வாரம் ஐந்து தடவை எழுந்த அதே எடை மூன்றோடு நின்றுவிடும். இதை மாஸ்டரிடம் காட்டியபோது அவர் தாளைப் பார்க்கவே இல்லை. மில்லில் மூன்று ஷிஃப்ட் சுழன்று வந்த ஆள். “நைட் ஷிஃப்ட் வாரம் நான் பாதி எடைதான் தூக்குவேன். மத்த ரெண்டு வாரம் ஏத்துவேன். இருபது வருஷம் அப்படித்தான். வெயிட்டு தூக்குறது இங்க, பலம் ஏறுறது பாயில.”

இன்றைக்கு இதற்கு டீலோட் என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை எடையைக் குறைத்துவிடு, உடம்பு சேர்த்து வைத்த களைப்பைக் கழிக்கட்டும் என்கிறது பயிற்சிப் புத்தகம். மாஸ்டர் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. மில் சங்கு ஊதுகிற நேரத்தை வைத்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். நான் என் ராத்திரி வாரத்தை அப்படியே டீலோட் வாரமாக மாற்றினேன். கோடு திரும்ப ஏறியது, முன்னளவு செங்குத்தாக இல்லை.

மாஸ்டர் அடிக்கடி எடுக்கும் பேர் சதீஷ் சிவலிங்கம். வேலூர் சத்துவாச்சாரிக்காரர். அப்பாவும் பளுதூக்கியவர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்ட் கோஸ்ட் போவதற்கு முன்னால் தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது தொடைத் தசையில் அடிபட்டது. முழுசாகக் குணமாகாத தொடையோடுதான் போனார். 317 தூக்கினார். அதுவும் தங்கம்தான். நாலு வருஷத்துக்கு முந்திய தன்னுடைய எடையைவிட 11 கிலோ குறைவு. எங்கள் ஜிம்மில் பையன்கள் இதைக் கேட்கும்போது தங்கம் வரைக்கும்தான் கேட்பார்கள். மாஸ்டர் அந்த 11 கிலோவை விடாமல் சொல்வார். கிளீன் அண்ட் ஜெர்க் என்பதே தரையிலிருந்து இழுத்த எடையை நெஞ்சில் வாங்கிக்கொண்டு முழு ஆழத்தில் குத்தவைத்து எழுந்திருப்பதுதான். தொடை போனால் எழுந்திருக்க முடியாது. போன தொடையை வைத்து என்ன முடியும் என்று தெரிந்து, அதை மட்டும் கேட்டு வாங்கியதுதான் பெரிசு என்பார்.

இது வரைக்கும் என் கதை. இதை நான் எழுதக் காரணம் அம்மா.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு அய்யனார் கோவில் என்றால் முடங்கியாறு ரோட்டில் மேற்கே போய், மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிந்து, ஊருக்குக் குடிதண்ணீர் தருகிற ஆறாவது மைல் தாண்டி, மலை அடிவாரத்தில் ஆற்றங்கரையில் இருக்கும் நீர்காத்த அய்யனார். பேரே சொல்லும், தண்ணீருக்குக் காவல். பொதுவாகவே அய்யனார் சிலைகளில் ஒரு காலை மடக்கி, முழங்காலைச் சுற்றி ஒரு பட்டை கட்டி உட்கார்ந்திருப்பார். ஜிம்மில் சேர்ந்த பிறகு எந்த ஊர் அய்யனாரைப் பார்த்தாலும் அந்தப் பட்டைதான் முதலில் கண்ணில் படுகிறது. முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்ட சாமி.

சின்ன வயதில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வேன் பிடித்துப் போவோம். அம்மாவும் சித்திகளும் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்பார்கள். ஆற்றுக்குள் பாறை பாறையாகக் காலை வைத்து நடப்பார்கள். ஈரச் சேலையோடு குத்தவைத்துத் துணி அலசுவார்கள். மூன்று மணி நேரம் அம்மா எதன்மேலும் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

2022 ஆடியில் சித்தி வீட்டார் கிளம்பியபோது அம்மா, “நீங்க போயிட்டு வாங்க. எனக்கு வீட்ல வேலை கிடக்கு” என்றாள். வேலை ஒன்றும் இல்லை. முட்டியில் தேய்மானம் என்று எக்ஸ்ரே சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. பார்த்த டாக்டர், தரையில் உட்காரக் கூடாது, படி ஏறக் கூடாது, எடையைக் குறைக்க வேண்டும், அப்புறம் பார்ப்போம் என்றார். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. சேர்த்துக் கேட்டால், உன் உலகத்தைச் சுருக்கிக்கொள் என்று வந்தது. அம்மா சுருக்கிக்கொண்டாள். பூஜை அறையில் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அருவாமனை பரண்மேல் போனது. கல்யாண வீடுகளில் பந்திக்கு முந்தியே கிளம்பிவிடுவாள்.

எனக்குப் பயம் முட்டியைப் பற்றி இல்லை. அப்பாவைப் பெற்ற பாட்டியை நான் பார்த்திருக்கிறேன். பாட்டிக்கு நோய் என்று எதுவும் கிடையாது. முதலில் தரையில் உட்காருவதை விட்டாள், பிறகு கோவிலை, பிறகு தெருவை. ஒரு நாள் குளியலறையில் எழுந்திருக்கும்போது கால் மடங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கட்டிலில் பதினோரு மாதம். திரும்ப எழுந்திருக்கவில்லை. செத்தது நிமோனியாவில் என்று எழுதினார்கள்.

பிரேசிலில் 2012-ல் வந்த ஒரு ஆய்வைப் படித்திருந்தேன். 51 முதல் 80 வயது வரை உள்ள 2002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார்கள். உட்கார ஐந்து மார்க், எழ ஐந்து மார்க். கையோ முட்டியோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் குறைவு. அடுத்து வந்த வருஷங்களில் குறைந்த மார்க் வாங்கியவர்களிடையே சாவு கணிசமாக அதிகம். குத்தவைத்தால் ஆயுள் நீளும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எழ முடியாமையும் சாவும் சேர்ந்தே வருகின்றன, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு மாதிரி அம்மாவை உட்கார்ந்து எழச் சொன்னேன். சுவரையும் என் தோளையும் பிடித்து எழுந்தாள். மார்க்கை அவளிடம் சொல்லவில்லை.

இன்னொரு ஆய்வுதான் எனக்குத் தெம்பு. 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், தொண்ணூறு வயதுக்காரர்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான எடையில் கால் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில். அம்மாவுக்கு 61.

வேறொரு ஊரில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தோம். அந்தப் பெண் அம்மாவின் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, “தேஞ்ச முட்டிக்குத் தொடைதாம்மா முட்டுக்கொடுக்கணும். தொடைய வளருங்க” என்றார். வலி பத்துக்கு மூன்று வரை இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் வீக்கம் இருந்தால் ஒரு படி இறங்கிவிடுங்கள் என்று கணக்கும் கொடுத்தார். டிலார்ம் வார்டில் கிடந்த சிப்பாய்களின் முழங்கால் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் எப்படிக் கூட்டுவது? என்னுடைய ஸ்குவாட்டில் ஆழம் மாறாது, எடை ஏறும். அம்மாவுக்கு எடை ஏற்கெனவே இருக்கிறது, 64 கிலோ, அவளே. அங்கே மாற்ற வேண்டியது உயரம். சாப்பாட்டு மேஜை நாற்காலி 18 அங்குலம். அதிலிருந்து கை ஊன்றாமல் அவளால் எழ முடியவில்லை. அதனால் பழைய ஜமக்காளம் ஒன்றை மடித்து மடித்து நாற்காலியில் வைத்தோம். 22 அங்குலம் ஆனபோது எழுந்தாள். அதுதான் தொடக்கம். வாரத்துக்கு மூன்று நாள், ஐந்து ஐந்தாக மூன்று செட். சிரமம் இல்லாமல் செய்துவிட்டால் ஒரு மடிப்பை எடுத்துவிடுவோம். ஒரு மடிப்பு அரை அங்குலம். எனக்கு இரண்டரை கிலோ பிளேட் எப்படியோ, அம்மாவுக்கு அந்த மடிப்பு.

“இதுக்குப் போயி பத்தாயிரம் செலவழிச்சு ஜிம்முக்குப் போறியாக்கும்” என்றாள் முதல் நாள்.

பயிற்சி சுலபம். முட்டைதான் போர். அம்மா எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சக் குழம்போடு சாப்பிடுகிறவள். வயதானவர்களுக்கு ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். அம்மாவுக்கு எழுபதுக்குப் பக்கம். அவள் தட்டில் முப்பது இருந்தாலே ஆச்சரியம். “எனக்கு எதுக்குப்பா முட்டை? வளர்ற பிள்ளையா நான்?” ஒரு முட்டையை உரித்து அவள் கையில் கொடுத்துவிட்டு அவள் சாப்பிடும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அது அப்பாவின் தட்டுக்குப் போய்விடும். கடைசியில் சுண்டலும் கெட்டித் தயிரும் பாசிப்பயறு அடையும் ஜெயித்தன. முட்டை ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் பொடிமாஸ் என்றால் மட்டும். குழம்பில் போட்ட கோழிக்கறியில் நெஞ்சுத்துண்டை அம்மாவுக்கு முதலில் எடுத்து வைப்பது இப்போது அப்பாவின் வேலை. முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் இது ஒரு அரசியல் மாற்றம்.

ஆறாவது வாரம் வலது முட்டி வீங்கியது. இரண்டு மடிப்பைத் திரும்ப வைத்தோம். அம்மா, “அவ்வளவுதான், ஆச்சு” என்று ஜமக்காளத்தைத் துவைக்கப் போட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்து என் தாளை எடுத்துக் காட்டினேன். 2022 மார்ச்சில் 70 கிலோவிலிருந்து நான் 60-க்கு இறங்கிய இடம், திரும்ப 70-ஐத் தொட எடுத்த ஏழு வாரம். அம்மாவுக்கு எக்செல் புரியாது. பால் கணக்கு நோட்டு புரியும். “அப்போ இது பாக்கி மாதிரி. அடைச்சிட்டா தீர்ந்துரும்” என்றாள். தொடர்ந்தாள்.

பதினான்கு மாதத்தில் 22 அங்குலம் 12-க்கு வந்தது. குளிக்கும்போது போடுகிற பிளாஸ்டிக் முக்காலி உயரம். அதற்குக் கீழே முட்டி கத்துகிறது. பிசியோதெரபிஸ்ட் அங்கேயே நில்லுங்கள் என்றார், நின்றுவிட்டோம். எலும்பு தேய்ந்தது தேய்ந்ததுதான், எக்ஸ்ரேயில் எதுவும் மாறவில்லை. ஆனால் கை ஊன்றாமல் 12 அங்குலத்திலிருந்து எழுகிறவள், தரையிலிருந்து ஒரு கையை ஊன்றி எழுந்துவிடுகிறாள். அருவாமனை பரணிலிருந்து இறங்கியது. ஒரு மணைப்பலகை போட்டு அதில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறாள்.

போன தை மாதம் அய்யனார் கோவிலுக்குப் போனோம். மழைக் காலத்தில் ஆறு பெருகினால் வனத்துறை விடாது, தையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். பாறைக்குப் பாறை அம்மா காலை வைத்தபோது நான் முழங்கையைப் பிடித்திருந்தேன். பாதியில், “விடுப்பா, நீ பிடிச்சா எனக்குச் சறுக்குது” என்றாள். விட்டேன். மூன்று அடி பின்னால் நடந்தேன், 130 கிலோவை முதுகில் வைக்கிறவனுக்கு அவ்வளவு வியர்த்திருக்க வேண்டாம். கரையேறியதும் ஒரு தாழ்ந்த பாறையைப் பார்த்து உட்கார்ந்து காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டாள். சித்தி, “எக்கா, எந்திரிக்க முடியுமா?” என்றாள். அம்மா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சித்திக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். சித்தி அம்மாவைவிட ஏழு வயது சின்னவள். இப்போது சித்தி வீட்டு நாற்காலியிலும் ஒரு ஜமக்காளம் இருக்கிறது.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷக் கடைசியில் 85 கிலோ. இரண்டாவது வருஷம் 110. மூன்றாவது 122.5. நான்காவது 130. இந்த வருஷம் இதுவரைக்கும் இரண்டரை கிலோ. முதலில் ஒரு நாளில் ஏறியது இப்போது ஒரு வருஷத்தில் ஏறுகிறது. கல்லூரிப் பையன்களில் கும்பிடு போட்டவர்கள் யாரும் இப்போது வருவதில்லை. பால்கோவாப் பையன் மட்டும் 150 தூக்குகிறான், ஒழுங்கான ஆழத்தில்.

போன வாரம் அம்மா புதுசாக ஒன்று கேட்டாள். குழாயடியிலிருந்து குடத்தைத் தரையோடு எடுத்து இடுப்பில் வைக்க வேண்டுமாம். வீட்டில் மோட்டார் இருக்கிறது, யாரும் குடம் தூக்குவதில்லை. எதற்கு என்று கேட்டேன். “சும்மாதான். முன்னாடி தூக்குனேன்ல” என்றாள். குடத்தைப் பலகைமேல் வைத்து, பாதித் தண்ணீரில் ஆரம்பித்து, பலகையைப் பிறகு எடுக்கலாம் என்று பேசினோம். நான் நாலு லிட்டர் என்றேன். அம்மா எட்டு என்றாள். ஆறில் முடிந்தது. புதன்கிழமை ஆரம்பம்.